பந்து சோறு போடுமா?

தாம்பரம் இரயிலடியில் ஒரு மாலை நேரம். கடற்கரைக்குச் செல்லும் மின்சார வண்டிக்காகக் கூட்டம் காத்து நிற்கிறது. அலுவலகம் முடிந்தவர்கள், கல்லூரி முடிந்தவர்கள், கட்டட வேலை முடித்துக் கைகால் கழுவிக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் நிற்கிறார்கள். நாமும் நின்றோம். நமக்குப் பக்கத்திலே ஒரு தாய். அவரருகே பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண். தோளிலே புத்தகப் பை, கையிலே வலைப்பை, வலைப்பையிலே தேய்ந்து வழவழத்துப்போன கூடைப்பந்து ஒன்று.

தாய் கேட்டார்: "ஏண்டி, பொழுதன்னைக்கும் இதைத் தட்டிக்கிட்டே இருக்கியே, இது நாளைக்குச் சோறு போடுமாடி?"

மகள் சொன்னாள்: "அனிதா அக்காவுக்குப் போட்டுச்சேம்மா."

"எந்த அனிதா?"

பெண் வாய் திறப்பதற்குள் வண்டி வந்துவிட்டது. இருவரும் மகளிர் பெட்டியிலே ஏறி மறைந்தனர். கேள்வி மட்டும் நடைமேடையிலே நின்றது, நம்மோடு!

நல்ல கேள்வி, தோழர்களே! சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல. மாளிகையிலே பிறந்த பிள்ளை மட்டையைத் தூக்கினால், "சோறு போடுமா?" என்று எவரும் கேட்பதில்லை. அங்கே சோறு ஏற்கனவே இருக்கிறது; ஆட்டம் அதற்கு ஊறுகாய். குடிசையிலே, ஒண்டுக் குடித்தனத்திலே, மாதக் கடைசியிலே கைமாற்று வாங்கும் வீட்டிலே பிறந்த பெண் பந்தை எடுத்தால்தான் இந்தக் கேள்வி எழுகிறது. கேட்பது தாயின் உரிமை மட்டுமல்ல, கடமையுங்கூட. அந்தத் தாய்க்குப் பதில் சொல்ல வண்டி இடம் தரவில்லை. ஏடு இடம் தருகிறது, எழுதுகிறோம்.

எந்த அனிதா என்று கேட்டீர்களே, அம்மா! சென்னைப் பெண் அனிதா பால்துரை. 1985-ஆம் ஆண்டு பிறந்தவர். பதினைந்து, பதினாறு வயதிலே, மற்றப் பெண்கள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்த பருவத்திலே, இந்திய நாட்டின் கூடைப்பந்து அணியிலே இடம்பெற்றவர். பத்தொன்பது வயதிலே அந்த அணிக்குத் தலைவியானவர். இந்திய மகளிர் அணிக்கு அவ்வளவு இளம் வயதில் தலைமை ஏற்றவர் அவருக்கு முன் இல்லை. பதினெட்டு ஆண்டுகள் நாட்டுக்காக ஆடினார். ஒன்று, இரண்டல்ல, பதினெட்டு! ஆசியக் கூடைப்பந்துப் போட்டியிலே ஒன்பது முறை களம் கண்டார். இந்தியப் பெண்களிலே அந்தக் கணக்கை முதலில் தொட்டவர் அவரே. தேசியப் போட்டிகளிலே அவர் சேர்த்த பதக்கங்கள் முப்பது.

2013-ஆம் ஆண்டு, கத்தார் நாட்டுத் தோகா நகரிலே மூவர் ஆடும் ஆசியப் போட்டி. இந்தியப் பெண்கள் தங்கம் வென்றார்கள். அனிதா அந்த அணியிலே இருந்தார். பிறகு பிள்ளை பெற்றார். "சரி, இனிமேல் தொட்டிலும் அடுப்புந்தான்" என்று ஊர் சொல்லியிருக்கும். ஊர் எப்போதும் அப்படித்தான் சொல்லும்! அவரோ திரும்பி வந்தார், தாயான பிறகு மீண்டும் காலணி கட்டினார், மீண்டும் ஓடினார். 2017-ஆம் ஆண்டு சூலை மாதம், பெங்களூரிலே ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டம். எதிரே கசகசுத்தான். 75-க்கு 73! இரண்டே புள்ளி! இந்தியப் பெண்கள் வென்று, முதற் பிரிவுக்கு உயர்ந்தார்கள். முப்பத்திரண்டு வயதிலே அந்த வெற்றி அணியிலும் இருந்தார் இந்தத் தாய். 2021-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஓய்வுக்குப் பிறகு இளம் பெண்களுக்குப் பயிற்சி தரும் பணியிலே ஈடுபட்டார்.

விருது சரி, பதக்கம் சரி, சோறு? அதற்குத்தானே வருகிறோம்! பதினெட்டு ஆண்டுகள் நாட்டுக்காக ஆடிய அந்தப் பெண்ணுக்கு மாதச் சம்பளம் தந்தது எது தெரியுமா? நீங்கள் ஏறிப் போனீர்களே, அம்மா, அந்த வண்டி! தென்னக இரயில்வே! விளையாட்டு ஒதுக்கீட்டிலே அங்கே வேலை பெற்றவர் அனிதா. 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டி ஓடுகிறது. எத்தனையோ ஆயிரம் பேரை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. அந்தத் தடத்தை நடத்துகிற இரயில்வே, பந்தோடு வந்த பெண்ணுக்கு வேலையே தந்தது. கேள்வி நடைமேடையிலே பிறந்தது. பதில் தண்டவாளத்திலே ஓடியது. நீங்கள் பதிலின் மீதே ஏறி உட்கார்ந்துகொண்டுதான் வீட்டுக்குப் போனீர்கள்!

அனிதாவோடு அதே தென்னக இரயில்வேயிலே பணியாற்றியவர் இன்னொரு பெண், கீத்து அன்னா ஜோசு. மலையாள நாட்டுக் கோட்டயத்திலே பிறந்தவர். அவரும் 1985, அவரும் சூன் மாதம். இருவருக்கும் இடையே சில நாட்களே வேற்றுமை. ஆறடி இரண்டு அங்குலம் உயரம். பெண் அவ்வளவு உயரமாக வளர்ந்தால், "மாப்பிள்ளைக்கு எங்கே போவது?" என்று பெருமூச்சு விடுகிற நாடு இது. அந்த உயரத்தையே ஏணியாக்கிக் கொண்டார் கீத்து. 2006-ஆம் ஆண்டு ஆசுத்திரேலியாவின் மெல்பர்ன் நகருக்குச் சென்று ரிங்வுட் ஆக்சு என்ற அணிக்காக ஆடினார். இந்தியப் பெண்ணொருத்தி அந்நாட்டிலே தொழில்முறைக் கூடைப்பந்து ஆடியது அதுவே முதல் முறை. 2011-ஆம் ஆண்டு அமெரிக்க மகளிர் தொழில்முறைச் சங்கத்தைச் சேர்ந்த சிகாகோ, லாசு ஏஞ்செல்சு, சான் அன்டோனியோ ஆகிய மூன்று ஊர்களின் அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன. போனார், ஆடிக் காட்டினார், இடம் கிடைக்கவில்லை. திரும்பி வந்தார்.

எங்கே திரும்பி வந்தார்? நன்றாகக் கவனியுங்கள். இரயில்வேக்குத் திரும்பி வந்தார்! அந்த வேலை இருந்ததால்தான் துணிந்து போக முடிந்தது; தோற்றாலும் தெருவிலே நிற்கமாட்டோம் என்ற தெம்பு இருந்தது. அடியிலே வலை விரித்திருந்தால்தான் கழைக்கூத்தாடி உயரத்திலே துணிந்து நடப்பான்.

விருதுக் கதையையும் சொல்லிவிடுகிறோம். கீத்துவுக்கு 2014-ஆம் ஆண்டுக்கான அருச்சுனா விருது கிடைத்தது, பத்மஸ்ரீ இல்லை. அனிதாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அருச்சுனா விருது இல்லை. பதினெட்டு ஆண்டு ஆட்டத்திலே அருச்சுனன் கண்ணுக்கு அனிதா படவில்லை போலும்! பெண்ணுக்குத் தரும் விருதுக்கும் ஆணின் பெயர், அதுகூடப் போகட்டும். பயிற்சியாளருக்குத் தருகிறார்களே ஒரு விருது, அதற்குப் பெயர் துரோணாச்சாரியார் விருது! எந்தத் துரோணாச்சாரியார்? பள்ளியிலே சேர்த்துக்கொள்ளாமலே, தானாகக் கற்றுத் தேர்ந்த வேடர் குலப் பிள்ளையிடம் கட்டைவிரலைக் கேட்டு வாங்கிய அதே ஆசான். கட்டைவிரல் இல்லாமல் வில்லையும் பிடிக்க முடியாது, கூடைப்பந்தையும் பிடிக்க முடியாது, தோழர்களே! நல்ல பயிற்சியாளர்கள் பலர் அந்த விருதைப் பெற்றிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. பெயரைத்தான் சொல்கிறோம். ஏகலைவன் பெயரிலே ஒரு விருது இருந்தால் புறநகர்ப் பிள்ளைகளுக்குப் பொருள் விளங்கும்.

இப்போது அந்தத் தாய் இன்னொரு கேள்வி கேட்கக்கூடும். "சோறு போட்டது இரயில்வே அல்லவா? பந்து எங்கே போட்டது?" கூர்மையான கேள்வி! பந்து வேலை வாங்கித் தந்தது. வேலை சோறு போட்டது. ஆட்டமே தொழிலாக, ஆட்டமே ஊதியமாக, ஆட்டமே வாழ்வாக அமையவில்லை. இதுதான் நம் நாட்டிலே கூடைப்பந்தின் நிலைமை. ஆடுகிறவர் இரயில்வேயிலே எழுத்தராக இருப்பார்; வங்கியிலே, சுங்கத்துறையிலே, வருமானவரித் துறையிலே இருப்பார். போட்டிக்குப் போக விடுப்புத் தருவார்கள். பயிற்சிக்குப் போகச் சலுகை தருவார்கள். பதக்கம் வந்தால் பதவி உயர்வும் வரலாம். ஆட்டக்காரராக அவரை யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஆடத் தெரிந்த ஊழியராகத்தான் வைத்துக்கொண்டார்கள்.

இதனால் வரும் வேடிக்கை ஒன்றையும் பாருங்கள். தேசியப் போட்டியிலே தமிழ்நாடு ஓர் அணி, கேரளம் ஓர் அணி, இரயில்வே தனியாக ஓர் அணி. தமிழ்நாட்டுத் தெருவிலே வளர்ந்த பெண், தமிழ்நாட்டுத் திடலிலே பழகிய பெண், இரயில்வேயிலே சேர்ந்ததும் இரயில்வேக்காக ஆடுகிறாள். தேவைப்பட்டால் தமிழ்நாட்டை எதிர்த்தே ஆடுகிறாள்! மகளிர் கோப்பையைப் பல ஆண்டுகள் தன் வீட்டுப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டியிருந்த அணி இரயில்வே அணி. அவளைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. உப்பிட்டவரை நினைக்கிறாள். உப்பிட மறந்த நாம்தான் வெட்கப்பட வேண்டும்.

சரி, ஆட்டமே தொழிலாக இருக்கும் நாடு எங்கேனும் உண்டா? உண்டு. அமெரிக்காவைச் சொல்லமாட்டோம், பணம் கொழிக்கும் நாடு, அதனால் முடிகிறது என்று தட்டிக் கழித்துவிடுவார்கள். சின்னஞ்சிறு நாடொன்றைச் சொல்கிறோம். அங்கே போவதற்கு முன், இந்த ஆட்டம் பிறந்த கதையைச் சற்றே கேளுங்கள். வழி தானாக அங்கே கொண்டுபோய் விடும்.

1891-ஆம் ஆண்டு திசம்பர் மாதம். அமெரிக்காவிலே சுபிரிங்பீல்டு என்ற ஊர். கிறித்தவ வாலிபர் சங்கப் பயிற்சிக் கல்லூரியிலே ஜேம்சு நெய்சுமித் என்ற ஆசிரியர். வெளியே பனி, மாணவர்களோ உள்ளே அடைபட்டுக் குமுறுகிறார்கள். மேல்மாடத்துக் கைப்பிடியிலே இரண்டு பழக்கூடைகளை ஆணியடித்து மாட்டினார். பதின்மூன்று விதிகளை எழுதினார். "பந்தைக் கூடையிலே போடுங்கள்" என்றார். அதுதான் கூடைப்பந்து. அடுத்த ஆண்டே, பக்கத்து ஊரான நார்த்தாம்ப்டனிலே, சுமித் மகளிர் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை ஒருவர் இதைப் பெண்களுக்குக் கற்றுத் தந்தார். 1893-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அந்தக் கல்லூரி மாணவியர் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதியில்லை! பெண் ஓடினால் உடல் தாங்காது என்று மருத்துவமும் மதமும் சேர்ந்து உபதேசித்த காலம். அதனால் அந்த ஆசிரியை களத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதிக்குள்ளேயே ஆடுமாறு விதி செய்தார். கோடு போட்டுத்தான் ஆடவிட்டார், ஆனால் ஆடவிட்டார்! பின்னாளிலே கோடுகள் ஒவ்வொன்றாக அழிந்தன, ஆட்டம் நிலைத்தது.

அந்த ஆசிரியையின் பெயர் செண்டா பெரென்சன். அவர் பிறந்தது அமெரிக்காவிலல்ல. 1868-ஆம் ஆண்டு, அன்று உருசியப் பேரரசின் பிடியிலே இருந்த லித்துவேனியாவிலே, புத்ரிமோனிசு என்ற சிற்றூரிலே, யூதக் குடும்பமொன்றிலே பிறந்தவர். பிழைக்க வழி தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறிய குடும்பம் அது. மகளிர் கூடைப்பந்தின் தாய், ஏதிலியாய் வந்த ஏழைப் பெண்!

அதே சுபிரிங்பீல்டு கல்லூரியிலே படித்த ஆரி குரோ பக் என்ற இன்னொருவர் நம் சென்னைக்கு வந்தார். 1920-ஆம் ஆண்டு இங்கே உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அதுதான் இன்று நந்தனத்திலே நிற்கும் வாலிபர் சங்கக் கல்லூரி. சைதாப்பேட்டை நிலையத்திலே இறங்கினால் நடந்தே போய்விடலாம். கூடைப்பந்து பிறந்த வீட்டின் நேர் வாரிசு நம் தாம்பரம் வண்டித் தடத்தின் ஓரத்திலேதான் இருக்கிறது. எனவே, "இது நமக்கு எட்டாத வெள்ளைக்காரன் ஆட்டம்" என்று எவரும் சொல்ல வேண்டாம். நூறாண்டாய் நம் கொல்லையிலே காய்த்துக்கொண்டிருக்கும் மரம் இது!

இனி, செண்டா பிறந்த லித்துவேனியாவுக்குப் போவோம். அந்த நாட்டின் மக்கள்தொகை முப்பது இலட்சத்துக்கும் குறைவு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் சென்னை நகரத்திலே மட்டும் நாற்பத்தாறு இலட்சம் பேர். நம் நகரைவிடச் சிறிய நாடு; நம்மைப்போல் தன் மொழியை உயிராய் மதிக்கும் நாடு. 1937-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கூடைப்பந்துப் போட்டியிலே அந்தச் சின்ன நாடு வென்றது. வென்றதும் என்ன செய்தார்கள்? மாலை போட்டார்கள், ஊர்வலம் விட்டார்கள், அதோடு நிற்கவில்லை. கௌனாசு நகரிலே கூடைப்பந்துக்கென்றே அரங்கு ஒன்றைக் கட்டினார்கள். ஐரோப்பாவிலே அந்த ஆட்டத்துக்கென எழுந்த முதல் அரங்கு அதுவே என்பர். 1939-ஆம் ஆண்டு அதே அரங்கிலே அடுத்த ஐரோப்பியப் போட்டி நடந்தது, மீண்டும் வென்றார்கள்.

நாமும் 2017-இலே பெங்களூரில் வென்றோம். மாலை போட்டோம். படம் எடுத்தோம். பிறகு? அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்! அவர்கள் வெற்றியை அத்திவாரமாக்கினார்கள். நாம் வெற்றியைச் சுவரொட்டியாக்கினோம். அத்திவாரத்தின் மேலே வீடு எழும்; சுவரொட்டியின் மேலே அடுத்த சுவரொட்டிதான் ஒட்டப்படும்.

பிறகு அந்த நாடு சோவியத்துக்குள்ளே அடைபட்டது. நாடு அடைபட்டது, ஆட்டம் அடைபடவில்லை. 1964-ஆம் ஆண்டு கௌனாசிலே பிறந்த ஆர்விடாசு சபோனிசு, ஏழடி மூன்று அங்குல உயரம் வளர்ந்தார். பதினேழு வயதிலே தன் ஊர் அணியாகிய சால்கிரிசிலே சேர்ந்தார். 1986-ஆம் ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லண்டு அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. போக முடிந்ததா? முடியவில்லை. ஒருபுறம் அரசின் தடை. மறுபுறம் குதிகால் நரம்பு அறுந்த வேதனை. 1988-ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கிலே சோவியத்து அணி அமெரிக்காவை அரையிறுதியிலே வீழ்த்தித் தங்கம் வென்றது. ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரிலே நால்வர் லித்துவேனியர்கள்! உழைப்பு அவர்களுடையது, கொடி மற்றொருவருடையது. தமிழ்நாட்டுப் பெண் இரயில்வேக்குக் கோப்பை வாங்கித் தரும் கதை நினைவுக்கு வருகிறதா?

1990-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அந்த நாடு விடுதலையைப் பறைசாற்றியது. 1992-ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்குக்குத் தனிக் கொடியோடு புறப்பட்டார்கள். கொடி இருந்தது, கையிலே காசில்லை! அமெரிக்க இசைக்குழுவொன்று பணமும் தந்து, பல வண்ணச் சட்டைகளையும் தந்தது. வெண்கலத்துக்கான ஆட்டத்திலே எதிரே நின்றது பழைய சோவியத்து நாடுகளின் கூட்டணி. 82-க்கு 78! வென்றார்கள். இரவல் சட்டை, ஆனால் சொந்தக் கொடி. அந்த வண்ணச் சட்டைகளோடு பதக்க மேடையிலே ஏறி நின்றார்கள்.

சபோனிசின் பிழைப்பு எப்படி நடந்தது? 1989 முதல் இசுபெயின் நாட்டு அணிகளிலே ஆடினார். 1995-ஆம் ஆண்டு, முப்பது வயதைத் தாண்டி, அடிபட்ட கால்களோடு, தேர்ந்தெடுக்கப்பட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து, போர்ட்லண்டு அணியிலே சேர்ந்தார். கடைசியில் தன் ஊர் அணிக்கே திரும்பி 2004-ஆம் ஆண்டு வரை ஆடினார். பிறகு பத்தாண்டுகள் தன் நாட்டுக் கூடைப்பந்துக் கழகத்துக்குத் தலைவராக இருந்தார். அவர் மகன் தொமந்தாசும் அமெரிக்கத் தொழில்முறை அணியிலே ஆட்டக்காரர். தந்தைக்கும் ஆட்டம் தொழில். மகனுக்கும் ஆட்டம் தொழில். தச்சனுக்கு உளி எப்படியோ, உழவனுக்கு ஏர் எப்படியோ, அப்படி அவர்களுக்குப் பந்து!

அங்கேயும் ஏழைத் தாய்மார் உண்டு. அங்கேயும் தாய் கேட்பாள், "சோறு போடுமா?" என்று. அந்தத் தாய்க்குப் பதில் தெருமுனையிலே இருக்கிறது. சொந்த ஊர் அணி, சொந்த ஊர் அரங்கு, சம்பளம் வாங்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை. இங்கே பதில் சொல்ல, பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு ஒரே ஒரு பெயர்தான் கிடைத்தது!

நம் நாட்டிலே முயற்சியே இல்லை என்று சொல்லமாட்டோம். உள்ளதைச் சொல்வதே அழகு. 2015-ஆம் ஆண்டு பஞ்சாபு மாநிலத்துச் சிற்றூர்ப் பிள்ளை சத்னாம் சிங் அமெரிக்கச் சங்கத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியரானார். 2022-ஆம் ஆண்டு தொடங்கிய இந்திய தேசியக் கூடைப்பந்துத் தொடரின் முதற் பருவத்திலே கோப்பையை வென்றது சென்னை ஈட் அணி. பெருமைதான்! ஆனால் ஐவர் ஆடிய அந்தத் தொடர் ஆடவர்க்கானது. வலைப்பையோடு வண்டி ஏறினாளே, அந்தப் பெண்ணுக்கு அதிலே இடம் ஏது? தமிழ்நாட்டு அரசுப் பணிகளிலே விளையாட்டு வீரர்க்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2 சதவீதமாக இருந்தது உயர்த்தப்பட்டது. வரவேற்கிறோம். வரவேற்பதோடு, ஆண்டுதோறும் அதிலே எத்தனை இடம் நிரம்பியது, எத்தனை இடத்திலே பெண்கள் அமர்ந்தார்கள் என்று கணக்கும் கேட்கிறோம். ஒதுக்கீடு என்பது தாளிலே எழுதிய எண்ணல்ல, தோழர்களே. நாற்காலியிலே உட்கார்ந்த ஆள்!

இந்தத் தென்புறத்திலே நாம் கண்ட காட்சியொன்று. ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். திடலிலே இரண்டு கூடைப்பந்துக் கம்பங்கள். ஒன்றிலே வளையம் இல்லை. வளையம் இருந்த கம்பத்துக்கும் எதிரே இருந்த வேப்பமரத்துக்கும் இடையே கயிறு கட்டித் துணி காயப் போட்டிருந்தார்கள். தரையிலே கோடு அழிந்துபோயிருந்தது. "பெண்கள் ஆடுவதில்லையா?" என்று கேட்டோம். "ஆட ஆசைதான், சார். உடை மாற்ற அறையில்லை, சாயங்காலம் விளக்கில்லை, சொல்லித்தர ஆளுமில்லை" என்றார் அங்கிருந்த ஆசிரியர். ஆசையைத் தவிர எதுவுமில்லை! ஆசை மட்டும் ஏராளமாய் இருந்தது, சுவரோரம் நின்று பார்த்த பெண்களின் கண்களிலே.

என்ன கேட்கிறோம்? மாளிகையா கேட்கிறோம்? நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர் சிமெண்டுத் தரை. இரண்டு கம்பங்கள். பத்தடி உயரத்திலே இரண்டு வளையங்கள். மாலையிலே எரிய நான்கு விளக்குகள். பெண்கள் உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை. சொல்லித்தர ஒரு பெண் பயிற்சியாளர். மாதம் தவறாமல் அவருக்குச் சம்பளம். 2021-ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியாயிற்று. பெயர்ப்பலகை பெரிதாயிற்று, மகிழ்ச்சி. பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் என்று விரிந்து கிடக்கும் அந்த மாநகரிலே, வண்டிச் சத்தம் கேட்கும் தொலைவுக்குள்ளே, பகுதிக்கு ஓர் ஆடுகளம் எழட்டும். பள்ளிக்குப் பள்ளி, பகுதிக்குப் பகுதி பெண்கள் அணி எழட்டும். அவர்கள் மோதிக்கொள்ள ஆண்டு முழுதும் போட்டி நடக்கட்டும். வெல்பவர்க்குப் பரிசாகக் குத்துவிளக்கும் பிளாசுடிக் கோப்பையும் வேண்டாம், ஊதியம் தாருங்கள்!

"எல்லாப் பெண்ணும் அனிதா ஆகிவிடுவாளா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆகமாட்டாள்தான். ஓர் அணியிலே பன்னிரண்டே இடம். பள்ளியிலே கணக்குக் கற்கிற எல்லோரும் இராமானுசன் ஆகிறார்களா? அதற்காகக் கணக்குப் பாடத்தை எடுத்துவிட்டோமா? மற்றவர்களுக்கு அந்தப் பந்து வேறொன்றைத் தரும். குனிந்த தலை நிமிரும். கூட்டத்திலே குரல் எழுப்பத் துணிவு வரும். விழுந்தால் அழாமல் எழுந்து, தட்டிவிட்டுக்கொண்டு, மறுபடியும் ஓடப் பழகுவாள். பெண்ணைக் கோடு போட்டு நிறுத்திய காலம் போக, கோட்டுக்கு மேலே தாவும் காலம் வரும்.

அந்தத் தாய்க்கு இனிப் பதில் சொல்கிறோம். பந்து சோறு போடுமா? அனிதாவுக்குப் போட்டது, இரயில்வே கைகொடுத்ததால். கீத்துவுக்குப் போட்டது, இரயில்வே காத்திருந்ததால். இரயில்வேயின் வாசல் ஒன்று. அதன் முன்னே நிற்கும் பெண்களோ ஆயிரம். மற்ற வாசல்களைத் திறப்பது உங்கள் மகளின் வேலையல்ல, அம்மா, எங்கள் வேலை. ஊராட்சி முதல் மாநகராட்சி வரை, மாநில ஆட்சி முதல் மத்திய ஆட்சி வரை நாற்காலியிலே இருப்பவர்களின் வேலை. அவர்களை அங்கே அமர வைத்த வாக்காளர்களின் வேலை. அவள் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறாள். பந்து தேய்ந்திருந்ததே, பார்த்தீர்களல்லவா? உழைக்காதவள் கைப்பந்து தேயாது!

ஆகவே, பந்தைப் பிடுங்கி வைக்காதீர்கள். நாளை மாலையும் அந்த நடைமேடைக்கு அவளோடு வாருங்கள். வண்டி வரும். வலைப்பையை மடியிலே வைத்துக்கொண்டு அவள் சன்னலோரம் அமரட்டும். "எந்த அனிதாடி?" என்று மறுபடியும் கேளுங்கள். தாம்பரத்திலிருந்து சைதாப்பேட்டை போய்ச் சேருவதற்குள் முழுக் கதையையும் அவளே சொல்லிவிடுவாள்.